சோறும் சோர்வும்

கெடா மாநிலத்தின் பெண்டாங் வட்டாரத்தில் நிலம் இரண்டு முகம் கொண்டு கிடக்கிறது. மேற்கே, அலோர் ஸ்டார் சமவெளியின் தொடர்ச்சியாக நெல்வயல்கள். கிழக்கே செல்லச் செல்ல நிலம் மேடேறுகிறது. அங்கே பால்மரக் காடுகள். அவற்றுள் பல பின்னாளில் செம்பனையாக மாறின. வயலில் விளைந்த நெல் ஒரு காலத்தில் மலாய்க்காரர் வீட்டு உரலில் குத்தப்பட்டு அரிசியானது. மலாயாத் தோட்டங்களை நம்பிக் கடல் கடந்து வந்த தமிழரோ பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த புழுங்கலரிசியையே வாங்கி உண்டனர். நகரங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் உழைத்த சீனர், ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளையரிசியை விரும்பினர். ஒரே நாட்டில் மூவகை மக்கள்; மூவகை அரிசி. சோற்றுக்கும் உடலின் ஆற்றலுக்கும் உள்ள உறவை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில், இந்த வேறுபாட்டுக்குத் தனியிடம் உண்டு.

இன்று உடல் ஓய்ந்து போகிறவர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கதவைத் தட்டுகிறார். இரும்புச்சத்துக் குறைவா, உயிர்ச்சத்துக் குறைவா, உண்ணும் பொருளில் ஏதேனும் ஒன்று உடலுக்கு ஒவ்வவில்லையா என்று அறிய விரும்புகிறார். இவ்வினா புதியதன்று. வள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பாதிக்கு மேலான குறள்களை உணவைப் பற்றியே அமைத்தார். ஆனால் 'இன்ன உணவில் இன்ன சத்து இல்லை. அதனால் இன்ன சோர்வு' என்று சோதித்துக் காட்டும் முறை பிறந்து நூற்றிருபது ஆண்டுகளே ஆகின்றன. அது பிறந்த இடங்களுள் ஒன்று மலாயா.

அந்நாளில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் உலுக்கியது. முதலில் கால் கனக்கும். பிறகு மரத்துப் போகும். நடை தள்ளாடும். சிலருக்கு உடல் நீர்கோத்து வீங்கும், நெஞ்சு படபடக்கும், நேற்றுவரை மண்வெட்டி பிடித்தவர் இன்று மூச்சுத் திணறி மடிவார். சுரங்கங்களிலும் சிறைகளிலும் மனநோய் விடுதிகளிலும் இந்நோய் பெருகியது. கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முன் நின்ற பெரும் வினாக்களுள் இதுவும் ஒன்று. கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், இது கிருமியால் வருவது என்று உறுதியாக நம்பினார். கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம் அது. எல்லா நோய்க்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்று அறிஞர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

நெகிரி செம்பிலான் மாநில அறுவை மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர் வாழும் அதே ஊரில், அதே தண்ணீரைக் குடித்து, அதே கொசுக்கடியில் உறங்கும் தமிழருக்கு இந்நோய் மிக அரிதாகவே வந்தது. வீட்டில் நெல் குத்தி உண்ட நாட்டுப்புற மலாய்க்காரரும் பெரும்பாலும் தப்பினர். கிருமி, மனிதரின் இனம் பார்த்துத் தாக்குமா? வேறுபாடு அரிசியில்தான் இருக்கிறது என்று பிராடன் முடிவு கட்டினார். 1907இல் இதனை ஒரு பெருநூலாகவே வெளியிட்டார். நாட்பட்ட வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொள்கை. அதில் பாதி சரி, பாதி பிழை. எனினும் தமிழரின் சோற்றுப் பானையை உற்று நோக்கி, நோயின் விடை அதில் இருக்கக்கூடும் என்று எண்ணிய மருத்துவர் என்ற அளவில் அவரை மறக்கலாகாது.

எண்ணுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. அதைச் செய்ய முற்பட்டவர் கோலாலம்பூரில் பணியாற்றிய வில்லியம் பிளெட்ச்சர் என்ற மருத்துவர். அரிசியே காரணம் என்பதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்பது சுவையான செய்தி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905ஆம் ஆண்டு பெரிபெரி கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் விடுதியில் இருந்தோர் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் கிழக்குக் கட்டடத்துக்குச் சென்றனர்; அவர்களுக்கு முன்போலவே சயாம் வெள்ளையரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்கள் மேற்குக் கட்டடத்துக்குச் சென்றனர். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் இரு சாராருக்கும் ஒன்றே. இரு கட்டடங்களும் ஒரே முற்றத்தின் இருபுறமும் ஒரே அமைப்பில் நின்றவை. அப்படியும் ஐயம் எழலாம் அல்லவா? கிழக்குக் கட்டடத்தின் மண்ணிலோ சுவரிலோ நோய் ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே ஆண்டின் நடுவில் இரு சாராரையும் கட்டடம் மாற்றிக் குடியேற்றினார். அரிசியை மட்டும் மாற்றவில்லை.

ஓராண்டு கழிந்தது. புழுங்கலரிசி உண்ட 120 பேரில் இருவருக்கே பெரிபெரி இருந்தது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். வெள்ளையரிசி உண்ட 124 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். கட்டடம் மாறியும் நோய் மாறவில்லை. அரிசியைப் பின்தொடர்ந்தே அது சென்றது. 1907இல் 'லான்செட்' இதழில் பிளெட்ச்சர் இதனை வெளியிட்டபோது, தாம் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவை மறைக்காமல் எழுதினார்.

இச்சோதனையின் சிறப்பைப் பாராட்டும்போதே அதன் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். வரிசையில் நின்றவர்களிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. கேட்டாலும் அவர்களுள் பலர் விடை சொல்லும் நிலையில் இல்லை. இடப்பக்கத்திலிருந்து எத்தனையாவது ஆளாக நின்றார் என்பதே ஒருவருக்கு உயிராகவும் மற்றொருவருக்கு எமனாகவும் முடிந்தது. இக்காலத்தில் எந்த நாட்டு மருத்துவ மன்றமும் இப்படியொரு சோதனைக்கு இடமளிக்காது.

அடுத்த சோதனை நெகிரி செம்பிலானின் ஜெலபு வட்டாரத்தில், டுரியான் திப்புஸ் என்ற காட்டிடத்தில் நடந்தது. அங்கே சாலை போடுவதற்கு ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளர் அமர்த்தப்பட்டிருந்தனர். ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டான்டன் என்னும் ஆராய்ச்சிக் கழக மருத்துவர் இருவரும் 1907இல் அவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். சில மாதங்களில் வெள்ளையரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. உடனே அரிசியை மாற்றினர், நோய் நின்றது. பிறகு, அதுவரை நலமாக இருந்த புழுங்கலரிசிக் குழுவுக்கு வெள்ளையரிசியைக் கொடுத்துப் பார்த்தனர்; அங்கும் நோய் தோன்றியது. கொடுப்பது, எடுப்பது, மீண்டும் கொடுப்பது என்ற இந்த எளிய முறைக்கு ஈடான சான்று வேறில்லை. அரிசி பழையதா புதியதா என்பது பொருட்டன்று என்பதும் இவர்களது ஆய்வில் வெளிப்பட்டது. புதிதாகத் தீட்டிய வெள்ளையரிசியும் நோயைத் தந்தது. ஆகவே பிராடன் சொன்ன நஞ்சு அங்கே இல்லை. இருக்கவேண்டிய ஒன்று இல்லாமற் போனதே நோய்.

இல்லாத பொருளை எப்படி அளப்பது? அதன் பெயரும் தெரியாது, வடிவமும் தெரியாது. பிரேசரும் ஸ்டான்டனும் ஒரு குறுக்கு வழி கண்டனர். தவிட்டில் பாஸ்பரம் மிகுதி. அரிசியைத் தீட்டத் தீட்டப் பாஸ்பரமும் குறைகிறது. பெயர் தெரியாத அந்தச் சத்தும் உடன் குறைகிறது. ஆதலால் பாஸ்பரத்தின் அளவை வைத்து அரிசியின் தரத்தைக் கணிக்கலாம். நூற்றுக்கு 0.4 பங்குக்குக் குறைவாகப் பாஸ்பரம் பென்டாக்சைடு உள்ள அரிசியையே நாள்தோறும் முதன்மை உணவாகக் கொள்வது தீங்கு என்று எல்லை வகுத்தனர். உணவிலுள்ள சத்தைச் சோதனைக் கூடத்தில் அளந்து உண்போருக்கு எச்சரிக்கை சொல்லும் வழக்கத்தின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று எனலாம். 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம், பெரிபெரிக்கும் தீட்டிய வெள்ளையரிசிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

மலாயா மட்டும் தனித்து இதனைக் கண்டதென்று பெருமை பேசுவது பொருந்தாது. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், வெள்ளைச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதை 1890ஆம் ஆண்டையொட்டியே கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், அரிசியின் மேல்தோலில் உடலுக்கு இன்றியமையாத பொருள் ஒன்று உள்ளது என்று 1901இல் எழுதினார். காசிமிர் பங்க் 1912இல் 'விட்டமின்' என்னும் சொல்லை வழங்கினார். 1926இல் ஜான்சனும் டோனாத்தும் அச்சத்தைத் தவிட்டிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக ஆக்கினார். தயாமின் என்றும் பி1 என்றும் இன்று பள்ளி மாணவர் படிக்கும் உயிர்ச்சத்து அதுவே. மாவுப்பொருளை உடல் ஆற்றலாக மாற்றுவதற்கு அது துணை வேண்டும். சோறு நிறைய உண்டும் உடல் தளர்வதன் புதிர் இங்கே அவிழ்கிறது. விறகு அடுக்கியிருக்கிறது, பற்றவைக்கத் தீக்குச்சி இல்லை.

புழுங்கலரிசி எவ்வாறு காத்தது? நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன் பிறகே குத்துவது தமிழகத்தின் பழைய வழக்கம். நீரில் கரையும் தயாமின், ஊறும்போதும் அவியும்போதும் மேல்தோலிலிருந்து உள்ளே இறங்கி அரிசியின் நடுப்பகுதியில் படிந்துவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நெல் அவித்த பெண்கள் இதனை அறிந்து செய்யவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, வண்டு எளிதில் அரிக்காது, பழையதாக வைத்து உண்ண நன்றாயிருக்கும் என்ற வீட்டுக் காரணங்களே அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. இதனை 'முன்னோரின் விஞ்ஞானம்' என்று மேடையில் முழங்குவோர் உண்டு. விஞ்ஞானம் என்பது காரணம் அறிந்து செய்வது, இது பட்டறிவு. பட்டறிவுக்கும் தனி மதிப்பு உண்டு. அதற்குச் சான்று சென்னை மாகாணத்திலேயே கிடைத்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிது. பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வடக்குத் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் நிலைகொண்டிருந்தது. குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய இராபர்ட் மக்காரிசன் 1920களில் இதனை ஆராய்ந்து எழுதினார்.

இந்த ஆய்வுகளெல்லாம் நடந்தபோது கெடா, கூட்டாட்சி மலாய் மாநிலங்களுள் ஒன்றாக இல்லை. 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்படியே அது சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் ஆலோசகரின் கைக்கு மாறியது. அதன் பின்னரே கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கில் இறங்கி வடக்கே சென்றனர். அவர்களைப் பெரிபெரி தீண்டவில்லை என்பதால் அவர்கள் நலமாக இருந்தனர் என்று கொள்ளலாகாது. அவர்களைத் தின்றது வேறு.

விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, வாளியில் பால் சுமந்து திரும்பும் தொழிலாளி, பத்து மணிக்கே மரத்தடியில் சாய்ந்தால் கங்காணி அவனைச் சோம்பேறி என்பான். கிராணியின் ஏட்டில் அது அரைநாள் கூலியாகும். அவனது கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்திருந்தால் அது வெளுத்திருப்பது தெரிந்திருக்கும். கொக்கிப்புழு அவன் குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கழிப்பிடம் இல்லாத தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நடக்கையில் அதன் குஞ்சுகள் தோலைத் துளைத்து உட்புகும். ஒரு புழு நாள்தோறும் உறிஞ்சும் குருதி சில துளிகூட இராது; நூற்றுக்கணக்கில் கூடும்போது ஆளையே சாய்த்துவிடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இப்புழு கண்டறியப்பட்டபோது அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அதனைச் 'சோம்பல் கிருமி' என்று அழைத்தன. அங்கேயும் ஏழை உழவர்கள் அதுவரை சோம்பேறிகள் என்றே ஏசப்பட்டிருந்தனர்.

1915இல் ராக்பெல்லர் அறநிதியின் சார்பில் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயாவுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளரின் மலத்தைச் சோதித்தது. மருந்து கொடுத்து வெளியேறிய புழுக்களை எண்ணியது. குருதியின் செந்நிறப் பொருளை அளந்தது. புழு மிகுந்தால் குருதி குறைகிறது என்பதும், மலேரியாவும் சேர்ந்துகொண்டால் இழப்பு இரட்டிப்பாகிறது என்பதும் எண்களாக வெளிப்பட்டன. 1920இல் வெளியான அவ்வறிக்கை தோட்ட முதலாளிகளுக்குப் புரியும் மொழியில், அதாவது உழைப்புத் திறன் என்ற கணக்கில் பேசியது. தொழிலாளியின் உயிருக்காக அன்றி, அவன் கைவேலைக்காகவே பல தோட்டங்களில் கழிப்பிடங்கள் எழுந்தன என்றால் அது கசப்பான உண்மை. ஆனாலும் 'சோம்பேறி' என்ற வசைக்கு எதிராக முதன்முதலில் சாட்சி சொன்னது ஒரு துளி குருதிதான்.

பெண்களின் நிலையை ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்த அவர், நெசவாலைகளில் உழைத்த ஏழைத் தாய்மார் கருவுற்ற காலத்தில் சோகையால் மடிவதைக் கண்டார். குன்னூரிலும் ஆய்வு நடத்தினார். 1931இல் சென்னை கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். இரும்புச்சத்துக்கு இணங்காத ஒருவகைச் சோகை, நொதிப்பூஞ்சையிலிருந்து செய்யப்படும் 'மார்மைட்' என்ற மலிவான பசையால் தீர்வதைக் கண்டு, அவ்வாண்டே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார். அதில் அடங்கிய சத்து பத்தாண்டுக்குப் பின் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. போலிக் அமிலம் என்று கருவுற்ற பெண்களுக்கு இன்று மாத்திரையாகக் கொடுப்பது அதுவே.

ஜப்பானியர் ஆட்சி இந்த அறிவையெல்லாம் சிதறடித்தது. அரிசிக் கப்பல்கள் நின்றன, மரவள்ளி சோறாயிற்று. சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருக்கு அங்கே கிடைத்தது போதாத வெள்ளைச் சோறு. புழுங்கலரிசி காத்துவந்த மக்களைப் பெரிபெரியும் காலராவும் மலேரியாவும் சேர்ந்தே பிடித்தன. போர்க்கைதிகளின் முகாம்களில் மருத்துவர்கள் தவிட்டைத் தேடிப் பெற்று நோயாளிகளுக்கு ஊட்டினர். தோட்டத் தமிழருக்கு முகாம்களில் மருத்துவர் என்று சொல்லத்தக்கவர் பெரும்பாலும் இல்லை.

பெரிபெரி இன்று மலேசியாவில் அரிது. கழிப்பிடமும் காலணியும் கொக்கிப்புழுவைப் பெரும்பாலும் விரட்டிவிட்டன. சோகை மட்டும் அகலவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு மூவரிடம் அதனைக் கண்டது. மறுபுறம், உணவு ஒவ்வாமையைக் கண்டு சொல்வதாகப் பல நூறு வெள்ளி கேட்கும் பரிசோதனைகள் பெருகியுள்ளன. குருதியில் 'ஐஜிஜி' என்னும் எதிர்ப்பொருளை அளந்து, 'கோதுமையை விடுக, முட்டையை விடுக, பருப்பை விடுக' என்று நீண்ட பட்டியல் தருவது அவற்றுள் ஒன்று. அந்த எதிர்ப்பொருள், ஒருவர் அவ்வுணவை உண்டு பழகியிருக்கிறார் என்பதற்கே அடையாளம். ஒவ்வாமைக்குச் சான்றாகாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008இல் தெளிவாக அறிவித்தது. பட்டியலை நம்பிப் பருப்பையும் முட்டையையும் விலக்கும் பெண், சோர்வு தீர வேண்டி மேலும் சோர்வைத் தேடிக்கொள்ளக்கூடும்.

பால் ஒவ்வாத உடல்கள் உண்டு. ஆசிய மக்களிடையே அது மிகுதி. கோதுமைப் புரதத்தால் குடல் புண்படுவோரும் உண்டு. அதற்குத் தக்க குருதிச் சோதனை இருக்கிறது. ஏனைய ஐயங்களுக்கு மருத்துவர் சொல்லும் வழி பழையது: ஐயத்துக்குரிய உணவைச் சில வாரம் நிறுத்துவது, மாற்றத்தைக் குறித்துக்கொள்வது, மீண்டும் கொடுத்துப் பார்ப்பது. 1907இல் டுரியான் திப்புஸ் காட்டில் அரிசியைக் கொண்டு செய்ததும் இதுவே. கடும் ஒவ்வாமை உள்ளவர் மட்டும் இதனை மருத்துவர் அருகில் இல்லாமல் செய்யலாகாது.

சோகைக்கோ அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. கருவுற்ற பெண் அரசு மருத்துவ நிலையத்துக்குச் சென்றால் அவள் குருதியின் செம்மையை அளந்து அட்டையில் எழுதுகிறார்கள். அந்த எண் குறைந்தால் இரும்பு மாத்திரை தருகிறார்கள். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் குடல் ஏற்கவிடாமல் தடுக்கும். எலுமிச்சையோ கொய்யாவோ அதனை ஏற்கத் துணைசெய்யும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடும்படி தாதியர் சொல்லி அனுப்புவது இதன் பொருட்டே.